கோடை விடுமுறையும் கலைக்கூடத்து ஜாபிதாவும்

வாளும் கேடயமும் தாங்கி நிற்கும் திருமங்கை ஆழ்வாரின் செப்புத் திருமேனி ஒன்று, 1967-ஆம் வருஷத்தில் லண்டனில் நடந்த ஓர் ஏலத்தில் விலைக்கு வாங்கப்பட்டு, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்குச் சொந்தமான ஆஷ்மோலியன் கலைக்கூடத்தைச் சேர்ந்தது. வாங்கியவர்கள் நல்லெண்ணத்துடன்தான் வாங்கினார்கள். ஆயினும், விற்றவரிடம் அத்திருமேனி எவ்வாறு வந்து சேர்ந்தது என்ற கேள்விக்குக் கூடத்தின் ஏடுகளில் விடை இல்லை. ஐம்பத்திரண்டு வருஷங்கள் கழித்து, 2019 நவம்பரில், ஆராய்ச்சியாளர் ஒருவர் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தின் புகைப்படச் சேகரத்தைப் பார்த்துக்கொண்டு வருகையில், இதே திருமேனி 1957-ஆம் வருஷத்தில் கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோயில் என்னும் ஊரில், சௌந்தரராஜப் பெருமாள் சந்நிதியில் எழுந்தருளியிருந்ததைக் காட்டும் படத்தைக் கண்டு, அதைக் கலைக்கூடத்தாருக்குத் தெரிவித்தார். கூடத்தாரே முன்வந்து அடுத்த மாதத்திலேயே இந்தியத் தூதரகத்துக்குச் செய்தி சொன்னார்கள். கோயிலில் பூஜை கொண்டிருந்தது அசல் திருமேனி அன்று, நகல் என்பது தமிழகப் போலீசாரின் விசாரணையில் வெளிப்பட்டது. திருமேனியைத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கைக்கு, சட்டப்படி பெற வேண்டிய அனுமதிக்கு உட்பட்டு, ஆக்ஸ்போர்டின் ஆட்சிக்குழு 2024 மார்ச் 11 அன்று சம்மதம் அளித்தது.

இந்த விருத்தாந்தத்தில் நம் மனத்தை மிகவும் ஈர்க்க வேண்டியவர், 1957-ல் கனத்த காமிராவைச் சுமந்துகொண்டு அந்தக் கோயிலுக்குள் நுழைந்த மனிதர். திருட்டைப் பிடிப்பதற்காக அவர் படம் எடுக்கவில்லை. அப்போது திருட்டே நடந்திருக்கவில்லை. தென்னாட்டுக் கோயில்களில் உள்ள மூர்த்தங்களை ஒன்றுவிடாமல் படமெடுத்து, ஊரும் பெயரும் தேதியும் குறித்து அடுக்கிவைக்க வேண்டும் என்பது 1955-ல் தோன்றிய அந்நிறுவனம் மேற்கொண்ட பணி. அந்தப் பணியின் ஓர் அங்கமாக, ஒரு நாள் காலையிலோ மாலையிலோ, அவர் தம் கடமையைச் செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். இன்னும் எழாத ஒரு கேள்விக்கு, இன்னும் நிகழாத ஒரு குற்றத்துக்கு, அவர் அன்றே சாட்சியம் எழுதி வைத்துவிட்டார். பொருள்களைப் பார்த்து, அளந்து, படமெடுத்து, பதிவேட்டில் ஏற்றும் வேலையின் பெருமை முழுவதும் இந்த ஒரு சம்பவத்தில் அடங்கியிருக்கிறது.

இந்த வேலையைச் செய்யத் தக்கவர்கள் யார், அவர்கள் அதை எப்போது செய்யலாம் என்பதைப் பற்றியே இங்கே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். சர்வகலாசாலைகளின் கலைக்கூடங்களிலும், துறைகளின் அலமாரிகளிலும், இன்னும் பெயரிடப்படாமலும் எண்ணிடப்படாமலும் கிடக்கும் பொருள்களுக்கு ஜாபிதா, அதாவது விவரப் பட்டியல், எழுதும் பொறுப்பை, கோடை விடுமுறைதோறும், உரிய மேற்பார்வையுடனும் உரிய ஊதியத்துடனும், மாணவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். மேலைநாட்டுச் சர்வகலாசாலைகள் பலவற்றில் இது பழக்கத்தில் உள்ள ஏற்பாடு. வகுப்புகள் முடிந்து, விடுதிகள் காலியாகி, நடைகளில் ஆளரவம் அடங்கிய பிறகு, சேமிப்பறையின் நீண்ட மேஜை முன் இரண்டு மூன்று மாணவர்கள் அமர்ந்து, ஒவ்வொரு பொருளாக எடுத்துவைத்து எழுதிக்கொண்டிருப்பார்கள். பார்வைக்கு இது குமாஸ்தா வேலையாகத் தோன்றும். உற்றுப் பார்த்தால், நான்கு சுவர்களுக்குள் கிடைக்கக்கூடிய கல்வியில் இதைவிட உயர்ந்த கல்வி உண்டா என்ற சந்தேகமே எழும்.

அந்த மேஜைக்கு அருகில் சென்று பார்ப்போம். ஒரு மாணவி இருக்கிறாள். அவள் முன் சட்டமிட்ட பழைய எண்ணெய்ச் சித்திரம் ஒன்று மெத்தென்ற துணிமேல் வைக்கப்பட்டிருக்கிறது. அவள் கையில் இருப்பது பென்சில். மை சிந்தினால் அழியாது என்பதால் மைப்பேனாவுக்கு அந்த அறைக்குள் அனுமதி இல்லை. இரும்பு நாடா சுரண்டிவிடும் என்பதற்காகத் துணி நாடாவால் முதலில் உயரத்தையும் பிறகு அகலத்தையும் அளந்து எழுதுகிறாள். பிறகு வர்ணம் எங்கே வெடித்திருக்கிறது, எங்கே உதிர்ந்திருக்கிறது, எந்த மூலையில் ஈரம் பட்ட கறை இருக்கிறது என்று குறிக்கிறாள். அதன்பின் மேற்பார்வையாளரும் அவளுமாகச் சேர்ந்து சித்திரத்தை மெல்லத் திருப்புகிறார்கள். முகப்பில் இல்லாத சரித்திரம் முதுகில் இருக்கிறது! சுண்ணக்கட்டியால் எழுதிய ஏல எண் ஒன்று, பாதி கிழிந்த காகிதச் சீட்டு ஒன்று, சட்டம் செய்தவனின் கடை முத்திரை, துருப்பிடித்த ஆணிகளுக்கு நடுவே பிற்காலத்தில் அடித்த புதிய ஆணி இரண்டு: இவை ஒவ்வொன்றும் அந்தச் சித்திரம் யார் யார் வீட்டுச் சுவரில் தொங்கியது, எப்போது கை மாறியது, எப்போது செப்பனிடப்பட்டது என்பதைக் கூறும் சாட்சிகள். அவற்றையெல்லாம் உள்ளது உள்ளபடி, எழுத்துப்பிழை இருந்தால் அந்தப் பிழையோடு, அவள் பெயர்த்து எழுதுகிறாள்.

அடுத்து ஒரு சிற்பம் வருகிறது. வலக்கை என்று எழுதும்போது, பார்ப்பவளுடைய வலப்புறத்தையா, சிற்பத்தினுடைய வலப்புறத்தையா குறிப்பது என்ற கேள்வி முதல் நாளிலேயே எழுகிறது. சிற்பத்தின் வலக்கையே வலக்கை என்பது முறை. அந்த ஒரு விதியிலேயே, தன் நிலையிலிருந்து விலகி எதிரே நிற்பதன் நிலையில் நின்று நோக்கும் பயிற்சி அவளுக்கு ஆரம்பமாகிவிடுகிறது. பொருளுக்கு இடும் எண்ணிலும் ஒரு தர்மம் உண்டு. சிற்பத்தின் அடியில் கண்ணுக்குப் படாத இடத்தில், பின்னால் கரைத்து எடுத்துவிடக்கூடிய தெளிந்த வார்னிஷை மெல்லியதாகப் பூசி, உலர்ந்த பின் அதன்மேல் எண்ணை எழுதி, மறுபடியும் ஒரு பூச்சுப் பூசுவார்கள். துணியானால் நூல்நாடாவில் எழுதி ஓரத்தில் தைப்பார்கள். காகிதமானால் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் குறிப்பார்கள். நாம் செய்வது எதுவும் பொருளை நிரந்தரமாக மாற்றிவிடலாகாது என்ற அடக்கம் இந்தச் சிறிய காரியங்களிலெல்லாம் ஊடுருவி நிற்கிறது.

இவற்றினும் பெரிய பாடம் ஒன்று உண்டு. சித்திரத்தை எழுதியவர் யார் என்னும் இடத்தில் ஒரு பெயரைப் போட்டுவிட்டால் வேலை தீர்ந்தது என்று எண்ணும் மாணவரை, ஜாபிதா எழுதும் முறை தடுத்து நிறுத்துகிறது. இன்னார் எழுதியது, இன்னார் எழுதியதாகக் கருதப்படுவது, இன்னாருடைய பட்டறையில் உருவானது, இன்னாருடைய பாணியைப் பின்பற்றியது, இன்னாருடைய மூலத்தைப் பார்த்து எழுதப்பட்ட நகல் என்று, நிச்சயத்திலிருந்து படிப்படியாக இறங்கிவரும் பல நிலைகள் அங்கே வகுக்கப்பட்டிருக்கின்றன, எந்த நிலைக்குத் தன்னிடம் சான்று இருக்கிறதோ அந்த நிலையில் நிற்க வேண்டுமேயன்றி, ஆசையினால் ஒரு படி மேலே ஏறக்கூடாது. தெரிந்ததைத் தெரிந்ததென்றும் ஊகித்ததை ஊகமென்றும் பிரித்து எழுதும் இந்தப் பழக்கம் இருபது வயதில் ஒருவருக்குக் கைவந்துவிடுமானால், பின்னால் அவர் வக்கீலானாலும், வைத்தியரானாலும், பத்திரிகையாளரானாலும், அந்த நேர்மை அவரைவிட்டு அகலாது.

திருமங்கை ஆழ்வாரின் திருமேனியையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். தமிழ் மரபை அறியாத ஒருவர் அதை முதன்முதலாகப் பார்த்தால், வாளும் கேடயமும் உடைய ஒரு வீரன் என்று எழுதுவார்; அது பிழையும் அன்று. ஆலிநாட்டுக்குத் தலைவராய்ப் பரகாலன் என்ற பெயரோடு வாழ்ந்ததும், அடியார்களுக்கு அமுது படைப்பதற்காக வழிப்பறியில் இறங்கியதும், மணக்கோலத்தில் வந்த பெருமாளையே மறித்து, அவர் வாயால் திருமந்திரம் கேட்டுத் தெளிந்ததுமான கதையைப் பாட்டி மடியில் கேட்ட ஒரு பிள்ளை அந்த மேஜை முன் அமர்ந்திருந்தால், அந்த வாள் ஏன் அங்கே இருக்கிறது என்பதை ஒரே வரியில் எழுதிவிடும். ஜாபிதா எழுதுவதற்கு நாடா மட்டும் போதாது. பொருள் எந்த வாழ்க்கையிலிருந்து வந்ததோ அந்த வாழ்க்கையை அறிந்த மனிதர்களும் வேண்டும். உலகத்துச் சர்வகலாசாலைக் கூடங்கள் தம்மிடம் உள்ள தமிழ்ப் பொருள்களுக்குத் தமிழறிந்த மாணவர்களைத் தேடி அமர்த்த வேண்டும் என்பதற்கும், அங்கே படிக்கப் போகும் நம் பிள்ளைகள் அந்த வேலையை நாடிப் போக வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

ஆஷ்மோலியன் கலைக்கூடமே ஜாபிதாவிலிருந்து பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது. டிரடெஸ்கண்ட் என்னும் தோட்டக்கலைக் குடும்பத்தார் தேசதேசமாகச் சேகரித்த அபூர்வப் பொருள்களுக்கு, எலியாஸ் ஆஷ்மோல் என்பவரும் ஒரு வைத்திய நண்பரும் உடனிருந்து உதவ, ஒரு பட்டியல் தயாராகி 1656-ல் அச்சாயிற்று. இங்கிலாந்தில் அச்சேறிய முதல் காட்சிசாலைப் பட்டியல் அதுவே. அந்தச் சேகரம் ஆஷ்மோலின் கைக்கு வந்து, அவர் அதை ஆக்ஸ்போர்டுக்கு வழங்க, 1683-ல் கூடம் திறக்கப்பட்டது. பட்டியலில் ஒரு வரியாக இடம்பெற்றிருந்த பொருள்களில் ஒன்று, மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து பூண்டோடு அழிந்துபோன டோடோ பறவையின் உடல். அது நாளடைவில் சிதைந்து, தலையும் ஒரு காலும் மட்டுமே எஞ்சின. உலகத்தில் தோலும் சதையும் சிறிதேனும் மிஞ்சியுள்ள டோடோ அது ஒன்றுதான். அது எந்தச் சேகரத்திலிருந்து வந்தது என்பதை இன்றும் நிச்சயமாகச் சொல்ல முடிவது, 1656-ல் எவரோ சிரத்தையுடன் எழுதிய அந்த ஒரு வரியினால்.

அந்தக் கூடத்தில் எட்வர்ட் லுயிட் என்ற மாணவர் ஒருவரும் இருந்தார். வேல்ஸ் நாட்டுக் குடும்பத்தில் பிறந்து, 1682-ல் ஆக்ஸ்போர்டில் ஜீசஸ் கல்லூரியில் சேர்ந்த அவர், பட்டம் பெறாமலேயே 1684-ல் கூடத்தின் உதவியாளராக அமர்ந்து, பொருள்களுக்கு ஜாபிதா எழுதத் தொடங்கினார். ஆறேழு வருஷங்களில் அவரே கூடத்தின் தலைமைக் காப்பாளர் ஆனார். பிரிட்டனில் கிடைத்த கல்லுருவான உயிர்ச்சின்னங்களுக்கு அவர் இயற்றிய பட்டியலை, 1699-ல், நியூட்டன் முதலிய நண்பர்கள் பொருளுதவி செய்ய, நூற்றிருபது பிரதிகளாக அச்சிட்டார்கள். சங்குகளையும் கற்களையும் அருகருகே வைத்து ஒற்றுமையும் வேற்றுமையும் கண்டு பழகிய அதே கண், பிறகு சொற்களின்மேல் திரும்பியது. வேல்ஸ், ஐரிஷ், பிரெத்தோன் முதலான மொழிகளின் சொற்களை அருகருகே அடுக்கி, அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை 1707-ல் வெளியிட்ட நூலில் அவர் எடுத்துக்காட்டினார். தென்மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்பதைச் சென்னையிலிருந்து எல்லிஸ் 1816-ல் எடுத்துரைத்ததையும், கால்டுவெல் 1856-ல் விரித்து நிலைநாட்டியதையும் நன்றியோடு நினைக்கும் நாம், அவ்வழியில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நடந்த இந்த மாணவரையும் நினைக்கலாம். அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது பதிவேடு.

பதிவேட்டில் ஒரு சொல் மாறினாலே சத்தியம் வெளிப்படும் என்பதற்கு அமெரிக்காவிலுள்ள யேல் சர்வகலாசாலையில் ஓர் உதாரணம் உண்டு. அந்தச் சர்வகலாசாலைக்குப் பெயர் தந்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை நம் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர். 1718-ல் அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கும், 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படமும் அக்கல்லூரியின் பெயரையே மாற்றின. அவர் தம் உறவினருடன் மேஜையைச் சுற்றி அமர்ந்திருக்கும் சித்திரம் ஒன்று, யேலைச் சேர்ந்த பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 1719-ல் எழுதப்பட்டது. அதன் ஓரத்தில் ஒரு கறுப்பினக் குழந்தை நிற்கிறது. அதன் கழுத்தில் பூட்டுடன் கூடிய உலோக வளையம். நெடுங்காலமாகப் பதிவேட்டில் பெரிய மனிதர்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டு, முடிவில் ஒரு பணியாள் என்று மட்டும் அக்குழந்தை குறிக்கப்பட்டிருந்தது. 2020-ல் அந்தச் சித்திரத்தைச் சுவரிலிருந்து இறக்கி, ஆராய்ச்சி செய்து, பின்னர் அடிமைப்படுத்தப்பட்ட குழந்தை என்று தலைப்பிலேயே எழுதி மறுபடியும் காட்சிக்கு வைத்தார்கள். பூட்டு முந்நூறு வருஷங்களாக எல்லோர் கண்ணெதிரேயும் இருந்தது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் துணிவு பின்னால்தான் வந்தது. இளைஞர்களின் கண் பழக்கத்தினால் மழுங்காத கண்; ஆகையால் இப்படிப்பட்டவற்றை அவர்கள்தாம் முதலில் கேட்பார்கள்.

எழுதி வைப்பது ஐரோப்பியர் கற்றுத்தந்த வழக்கம் என்று எவரும் எண்ண வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களிலும் தூண்களிலும் ராஜராஜ சோழன் வெட்டுவித்த கல்வெட்டுகள், உலகத்தின் எந்தக் காட்சிசாலைப் பதிவேட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கவை. மன்னனும், தமக்கை குந்தவையும், தேவியரும், அதிகாரிகளும் அளித்த அறுபதுக்கு மேற்பட்ட செப்புத் திருமேனிகள் ஒவ்வொன்றுக்கும், அளித்தவர் யார், பாதாதிகேசாந்தம் எத்தனை முழம், எத்தனை விரல், கைகள் எத்தனை, பீடம் எவ்வளவு, பிரபை எவ்வளவு என்று அங்கே கணக்கு இருக்கிறது. பொன் நகைகளை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்றும், ரத்தினங்களை நிறுத்த கல்லுக்குத் தக்ஷிணமேருவிடங்கன் என்றும் பெயர். நகையில் கோத்த நூலை நீக்கி நிறுத்தார்களா, அரக்கை உள்ளிட்டு நிறுத்தார்களா என்பது கூட மறைக்கப்படாமல் சொல்லப்பட்டிருக்கிறது. அத்திருமேனிகளில் பெரும்பாலானவை இன்று அங்கே இல்லை. ஆயினும் அவை இருந்தன என்பதும், எப்படி இருந்தன என்பதும் நமக்குத் தெரியும். ஏனெனில் எழுதி வைத்திருந்தார்கள். ஆயிரம் வருஷங்களுக்கு முன்னே இவ்வளவு கூர்மையாகக் கணக்கெழுதிய ஒரு சமுதாயத்தின் வாரிசுகளுக்கு, தம் கல்லூரி அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலிருப்பது நியாயமாகுமா?

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அண்மைக்காலத்துச் சான்று உண்டு. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் பொருள்கள் களவு போயும் காணாமலும் சேதமுற்றும் இருப்பதாக 2023 ஆகஸ்டில் செய்தி வெளியாகி, அதன் இயக்குநர் பதவி விலக நேர்ந்தது. அவற்றுள் மிகப் பல, சேமிப்பறையில் இருந்த சிறிய மணிகளும் நகைகளும். சரியாகப் பதிவு செய்யப்படாதவை. பதிவு இல்லாத பொருள் போனால், போனது என்று நிரூபிப்பதே கடினம். மீட்பது அதனினும் கடினம். அதன்பின் அந்த ஸ்தாபனம் ஐந்து வருஷங்களில் 24 லட்சம் பதிவுகளைப் புதிதாக ஏற்றவும் செப்பனிடவும் திட்டம் வகுத்தது. முன்னரே செய்திருக்க வேண்டியதைக் களவுக்குப் பின்னர் செய்வதாயிற்று. அத்தனை பெரிய ஸ்தாபனத்துக்கே இந்தக் கதி நேர்ந்தது என்றால், ஒரே ஒரு பூட்டையும் ஒரே ஒரு ஊழியரின் ஞாபகசக்தியையும் நம்பியிருக்கும் சிறிய கூடங்களின் நிலைமையை நாமே ஊகித்துக்கொள்ளலாம். அந்த ஊழியர் ஓய்வு பெறும் நாளில், பாதிச் சேகரம் அவருடன் வெளியேறிவிடுகிறது.

மாணவர்கள் தவறு செய்துவிடுவார்களே என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். செய்வார்கள், பண்டிதர்களும் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு பதிவின் அடியிலும் எழுதியவரின் முதலெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும், அனுபவம் வாய்ந்த ஒருவர் அதைச் சரிபார்த்துத் தம் முதலெழுத்தையும் இட வேண்டும், பிழை தெரிந்தால் பழைய வரியை அழிக்காமல் புதிய வரியைப் பக்கத்தில் எழுத வேண்டும் என்ற மூன்று விதிகள் இருந்தால், தவறும் ஒரு தகவலாகிவிடும். பிழையான பதிவைத் திருத்தலாம். இல்லாத பதிவைத் திருத்த முடியாது. காமிராவும் கணினியும் இருக்கும்போது மனிதர் எதற்கு என்பாரும் உண்டு. காமிரா தன் முன்னால் வைத்ததையே காட்டும்; சித்திரத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குத் தோன்றாது.

ஊதியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அனுபவமே ஊதியம் என்று சொல்லி மாணவர்களிடம் இலவசமாக வேலை வாங்குவது உலகெங்கும் பரவியிருக்கும் ஒரு வழக்கம். அது அநீதி என்று நான் கருதுகிறேன். கோடையில் வீட்டுக்குப் பணம் சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய பிள்ளை அந்த மேஜைக்கு வரவே முடியாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டுமே வரும். நாளைக்குக் காப்பாளர்களாகவும் கலை சரித்திர ஆசிரியர்களாகவும் ஆகிறவர்கள் அந்த ஒரு வர்க்கத்திலிருந்தே வருவார்கள். அமெரிக்காவின் கலைக்கூட இயக்குநர் சங்கம் 2019 ஜூன் மாதத்தில், பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு ஊதியம் தர வேண்டும் என்று தீர்மானமே நிறைவேற்றியது. நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்குப் பட்டின் நெசவைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். கன்னார் வீட்டுப் பையனுக்கு வார்ப்பின் குறை விரலுக்கே தெரியும். இப்படிப்பட்டவர்கள் அந்த மேஜைக்கு வர வேண்டுமானால், பஸ் சத்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் மிஞ்சி வீட்டுக்குக் கொடுக்கவும் சிறிது பணம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இதைத் தர்மமாக எண்ண வேண்டாம். கலைக்கூடத்துக்குக் கிடைக்கும் அறிவுக்கு அதுவே நியாயமான விலை.

நம் நாட்டில் இதற்கு வேண்டிய சாதனங்கள் இல்லாமல் இல்லை. தொல்பொருள்களையும் கலைப் பொக்கிஷங்களையும் பற்றிய 1972-ஆம் வருஷத்துச் சட்டம் பதிவின் அவசியத்தை ஐயத்துக்கிடமின்றி வற்புறுத்துகிறது. காட்சிசாலைகளின் சேகரத்தைக் கணினியில் ஏற்றுவதற்கென்றே ஜதன் என்னும் மென்பொருளை சி-டாக் ஸ்தாபனம் உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் 1850-ல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி, இன்று எழும்பூரில் அரசு கவின்கலைக் கல்லூரியாக நடந்து வருகிறது. தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்து தலைமுறை தலைமுறையாகக் கலைஞர்களை உருவாக்கிய ஸ்தலம் அது. தமிழ்நாட்டின் சர்வகலாசாலைகளிலும் பழைய கல்லூரிகளிலும் ஓவியங்கள், நாணயங்கள், ஓலைச்சுவடிகள், அகழ்ந்தெடுத்த பானையோடுகள் எனச் சேர்ந்திருப்பவை கொஞ்சமல்ல. பொருள்கள் இருக்கின்றன, மாணவர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொரு வருஷமும் தவறாமல் கோடையும் வருகிறது. இம்மூன்றையும் ஒரு மேஜையில் சேர்த்து வைக்கும் தீர்மானம் ஒன்றுதான் வேண்டும்.

ஆகவே துணைவேந்தர்களுக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் இது. வருகிற கோடையில் ஆறு வாரங்கள் போதும். சேகரம் உள்ள துறை ஒவ்வொன்றும் நான்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, விவரம் அறிந்த ஒருவரை அவர்களுக்கு மேற்பார்வையாளராக நியமித்து, மாதச் சம்பளம் நிர்ணயித்து, ஓர் அலமாரியின் சாவியை அவர்களிடம் கொடுக்கட்டும். முழுச் சேகரத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற பேராசை வேண்டாம். ஒரு கோடைக்கு ஓர் அலமாரி என்ற கணக்கே போதும். முடிந்ததும் அந்த ஜாபிதாவை அச்சிட்டு, எழுதிய மாணவர்களின் பெயர்களை முதல் பக்கத்தில் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடட்டும். பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் மகனோ மகளோ விடுமுறையில் பழைய பொருள்களை அளந்து எழுதப் போகிறேன் என்று சொன்னால், தடுக்காதீர்கள்; சந்தோஷமாக அனுப்பிவையுங்கள். சுந்தரப்பெருமாள்கோயில் ஆழ்வாருக்கு வழக்காட வந்த ஒரே சாட்சி, 1957-ல் தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போன ஒருவர் எடுத்த படம்.